மேகப் படம் போட்டதையெல்லாம் வெட்டினேன்

கைப்பேசி பழுது பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, விளம்பரத் தொல்லையை எப்படி நீக்குவது என்று இதில் நான் சொல்லப்போவதில்லை. அந்தப் பொத்தான்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாறிவிடுகின்றன. நான் கற்றுக்கொண்ட இடத்தில் இன்று போய்ப் பார்த்தால் வேறு ஏதாவது இருக்கும். அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கண்ணும் தெரியும். சின்னத் திருகாணிகள் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்த பிறகுதான் நான் கடையை மூடினேன்.

ஒரு போனை மிக நன்றாகச் சரிசெய்து, அதன் சொந்தக்காரரைக் கிட்டத்தட்ட நடுத்தெருவுக்குக் கொண்டுவந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. உப்பு லாரியில் கிளீனராக ஏறினேன். லாரி போன ஊருக்கெல்லாம் போனேன். ஓர் ஊரில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது லாரி என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. அங்கே ஒரு ரேடியோக் கடையில் சேர்ந்தேன். சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு, மதியம் மட்டும். அப்புறம் வேறு ஊரில் டிவி, இன்னோர் ஊரில் டேப் ரெக்கார்டர், கடைசியில் போன். எதையும் முறையாகப் படித்ததில்லை. ஜனங்கள் வீட்டில் எது கெட்டுப்போகிறதோ அதன் பின்னால் போனேன். மரக்காணத்தில் பேருந்து நிற்கும் இடத்துக்கு அருகே கடை போட்டதுதான் நான் ஒரே இடத்தில் அதிக காலம் உட்கார்ந்தது. உப்புக் காற்று போனைத் தின்றுகொண்டே இருக்கும் ஊர் அது. வேலைக்குப் பஞ்சமில்லை.

அந்தக் கடையில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. வாடிக்கையாளரிடம் எதையும் கேட்காதே.

அது சும்மா வந்த கொள்கை இல்லை. கடை போட்ட புதிதில் ஒருவர் போன் கொண்டுவந்தார். எதைத் தொட்டாலும் வேறு எங்கோ இழுத்துக்கொண்டு போகிறது என்றார். திறந்து பார்த்தேன். அது இழுத்துக்கொண்டு போன இடங்களைப் பார்த்துவிட்டு, ஒரு வைத்தியன் கேட்பதுபோல, "இந்தப் பக்கமெல்லாம் எதுக்குங்க போனீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவருக்குப் பின்னால் அவருடைய மனைவி நின்றுகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அதன் பிறகு இரண்டு வருடம் அந்த மனிதர் என் கடையைத் தாண்டும்போதெல்லாம் தெருவின் எதிர்ப்பக்கமாகவே நடந்தார். எதிர்ப்பக்கத்தில் நடப்பதற்கு இடம் கிடையாது, சாக்கடைதான்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். விளம்பரம் வரும் போன் எதுவும் கொண்டுவருபவருடைய போனாக இருக்காது. மச்சான் போன், பக்கத்து வீட்டுக்காரர் போன், கீழே கிடந்து எடுத்த போன். சிரிக்கக் கூடாது. வாங்கி, வெட்ட வேண்டியதை வெட்டி, "சரியாயிடுச்சுங்க, மச்சான்கிட்ட குடுத்துடுங்க" என்று சொல்லி அனுப்ப வேண்டும். இப்படித்தான் பல வருடம் ஓட்டினேன். எல்லாரும் என்னை மரியாதை தெரிந்தவன் என்றார்கள்.

அப்போதுதான் ஏழுமலை வந்தார்.

ஏழுமலை உப்பளத்து ஆள். இருபது வருடம் அடுத்தவர் பாத்தியில் உப்பு வாரியவர். அந்த வருடம்தான் முதல்முறையாகக் கழிவெளி ஏரி ஓரத்துக் கடைசிப் பாத்திகளைத் தானே குத்தகைக்கு எடுத்திருந்தார். வாரிய உப்பை மேட்டில் குவித்து வைத்திருந்தார். அந்த ஒரு குவியல்தான் அவர். அது லாரி ஏறினால் ஏழுமலை மேஸ்திரி. கரைந்தால் அடுத்த வாரமே பழையபடி யாராவது ஒருவருடைய பாத்தியில் உப்பு வாரும் பலகை பிடிக்கும் ஏழுமலை.

உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோடையில் திடீரென்று மேகம் திரண்டால், முதலில் பார்த்தவர் "ஓலை!" என்று குரல் கொடுப்பார். குவியலைப் பனையோலையால் மூடிய காலத்துக் குரல். இப்போது தார்ப்பாய் வந்துவிட்டது, ஆனாலும் யாரும் "தார்ப்பாய்!" என்று கத்துவதில்லை. கத்தி முடிப்பதற்குள் மழை வந்துவிடும். "ஓலை!" என்று கேட்டால் அக்கம்பக்கத்துப் பாத்திக்காரர்களும் பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்து மூடிக் கொடுப்பார்கள். ஏன், எதற்கு என்று கேட்கமாட்டார்கள். ஆனால் மழை வராமல் போனால், குரல் கொடுத்தவர் ஓடி வந்த அத்தனை பேருக்கும் டீயும் போண்டாவும் வாங்கித் தர வேண்டும். இது எங்கும் எழுதி வைக்காத சட்டம். யாரும் மீறியதில்லை.

ஏழுமலை என் மேசைமேல் போனை வைத்தார். மச்சான் போன் என்று சொல்லவில்லை. அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும், இது வேறு மாதிரி கேஸ் என்று.

"ண்ணா, இதுக்கு இன்னாமோ ஆயிப்போச்சு. அரை மணிக்கு ஒருதபா மழை வருது மழை வருதுன்னு சொல்லுது."

"வந்துச்சா?"

"வெயிலு மண்டைய பொளக்குது. நாலுதபா ஓலை கூப்ட்டுட்டேன். நாலு தபாவும் போண்டா. இப்பெல்லாம் நம்ம பாத்தில வேல செய்ற பொம்பளைங்க மத்தியானம் சோறு கொண்டாரதயே நிறுத்திட்டாளுங்க. மேஸ்திரிக்கு எப்டியும் ஒரு மழை வரும்னு சொல்றாளுங்க."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அலறியது. கறுப்பு மேகம், குறுக்கே ஒரு மின்னல், கீழே சிவப்பு எழுத்தில், "அவசரம்! உங்கள் பகுதியில் கனமழை! உடனே பார்க்கவும்!" நான் தொட்டேன். மழை வரவில்லை. போனில் பதிமூன்று வைரஸ் இருப்பதாக ஒரு பக்கம் வந்தது. அதை மூடினால் ரம்மி ஆட வா என்றது. அதை மூடினால் தொப்பையைக் குறைக்கும் தேயிலை.

"பாத்தீங்களா?" என்றார் ஏழுமலை. "மழை எங்க பெய்யுதுன்னு தேடி உள்ள போனா, தொப்பை கொறையணுமான்னு கேக்குது. எனக்கு ஏதுங்க தொப்ப?"

உண்மைதான். அவருக்கு வயிறு என்ற ஒன்று இருந்ததற்கான அடையாளம் சட்டைப் பொத்தான் மட்டும்தான்.

மற்ற ஊர்களில் ஜனங்கள் பரிசு, பெண், சீட்டாட்டம் என்று விழுவார்கள். எங்கள் கடற்கரையில் விழுவது மேகத்துக்கு. உப்பு வாரும் காலம் முழுவதும், மேகப் படம் போட்டு எதை நீட்டினாலும் இங்கே விரல் தானாகப் போய் "அனுமதி" என்பதைத் தொட்டுவிடும். ஏழுமலை ஒருநாள் மழை நிலவரம் தேடியிருக்கிறார். ஏதோ ஒரு பக்கம், மழையைக் காட்டுகிறேன், அதற்கு முன் அனுமதி கொடு என்று கேட்டிருக்கிறது. கொடுத்திருக்கிறார். நல்லவர், கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார். அவர் போனுக்குள் பதினான்கு பேர் உட்கார்ந்து மழை பெய்யவைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடையில் அன்று கூட்டம். எனக்கு உற்சாகம். பத்து நிமிடத்தில் வேட்டையாடி முடித்தேன். மேகம் போட்ட எதையும் விடவில்லை. முகப்பில் ஒரு மேகம் மிதந்துகொண்டிருந்தது, வெட்டினேன். பிரவுசருக்குள் எட்டு மேகம், வெட்டினேன். குரூப்புகளுக்கு நடுவே ஒன்று, "மழை அவசரம்!!! உடனே கேட்கவும்" என்ற பெயரில், அதே கறுப்பு மேகம், மூன்று ஆச்சரியக்குறி. அதிலிருந்து அவரை வெளியேற்றிவிட்டேன். அதற்கு மேலும் எனக்கு அடங்கவில்லை. எதெல்லாம் சத்தம் போடும் என்று தேடித் தேடிப் பார்த்து வாயை அடைத்தேன்.

கேட்கவில்லை. கேட்பது மரியாதையில்லை அல்லவா?

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இனிமே இது வாயே தொறக்காது" என்றேன்.

அவர் அதைக் காதில் வைத்துப் பார்த்தார். "உசுரோட இருக்குதில்ல?"

"இருக்குது, இருக்குது."

"அப்ப சரி" என்று சந்தோஷமாகப் போனார். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அவ்வளவு சுத்தமான வேலையை அந்த மாதம் நான் செய்திருக்கவில்லை.

நான்காம் நாள், மதியம் சாய்ந்த நேரம். ஒருவருடைய போனைப் பிரித்து வைத்து, பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். என் கடைக்குப் பக்கத்தில் தார்ப்பாய்க் கடை. எப்போதும் ஈ ஓட்டும் கடை அது. அன்று திடீரென்று மூன்று வண்டிகள் வந்து நின்றன. மூன்று பேரும் கயிறும் தார்ப்பாயும் கேட்டுக் கத்தினார்கள். கடைக்காரர் போனில் ஒரு குரல் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. தகரத்தில் மழை கொட்டும் இரைச்சல், அதற்கு மேல் ஓர் ஆள் கூவுகிறார்.

"என்னங்க அது?" என்றேன்.

"மழை குரூப்பு. லாரிக்காரங்க, உப்பளத்துக்காரங்க எல்லாம் இதுல கீறாங்க. யாருக்கு எங்க மழை புடிச்சாலும் அங்க நின்னே சொல்லிடுவாங்க. வானூர்ல பேயுதாம், மேகம் இந்தப் பக்கந்தான் வருதாம்."

அவர் போனை என் பக்கம் திருப்பினார். கறுப்பு மேகம். "மழை அவசரம்!!! உடனே கேட்கவும்."

தம்பிகளே, கையில் இருந்த பேட்டரியைக் கீழே வைத்தேன் என்று நினைக்கிறேன். மறுநாள் அது டீ டம்ளருக்குள் இருந்தது.

"ஏழுமலை இதுல இருக்காரா?" என்று கேட்டேன்.

"இருந்தாரு. நாலு நாளு முன்னாடி அவரே வெளிய போய்ட்டாரு. இன்னா கோவமோ."

ஏழுமலைக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இரண்டாம் முறை அடிக்கும்போதுதான் நினைவு வந்தது. தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு ஒலிக்காதபடி நானே பூட்டியிருந்தேன். என் எண் அவருக்குத் தெரியாத எண்.

அந்தக் குரல் பதிவை என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன். பிரித்துப்போட்ட போனின் சொந்தக்காரர் எதிரில் உட்கார்ந்திருந்தார். "எங்க போறீங்க, என் போனு?" என்றார். "பாத்துக்குங்க, காத்துல பறந்துடும்" என்று அவரையே காவலுக்கு வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

மேற்கே பனைமரங்களுக்கு மேல் வானம் அடுப்புப் புகை படிந்த சுவர் மாதிரி இருந்தது. கிழக்கே கடல் பக்கம் ஒரு பிசிறு மேகம்கூடக் கிடையாது. உப்பளத்தில் நிற்பவர்கள் முதுகை மேற்கே காட்டிக் குனிந்து வாருவார்கள். எதிரில் வெள்ளை வெயில், வேறொன்றும் தெரியாது. பக்கத்துப் பாத்திக்காரர்கள் முந்தின நாளே உப்பை லாரி ஏற்றிவிட்டதால் அன்று அந்தப் பக்கமே ஆள் இல்லை. ஏழுமலையின் லாரி மறுநாள் காலை வருவதாக இருந்தது. குவியல் முக்கால்வாசி திறந்து கிடந்தது. அவரும், அஞ்சலையும், இன்னும் ஐந்து பெண்களும் பாத்தியில் இருந்தார்கள். அஞ்சலை அந்தப் பெண்களுக்கு முன்கை. அவள் பலகையை எடுத்தால்தான் மற்றவர்கள் எடுப்பார்கள்.

வரப்பில் வண்டியைப் போட்டுவிட்டு, "ஓலை! ஓலை!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

ஏழு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

"இத்தினி நாளு போன்ல வந்துச்சு," என்றாள் அஞ்சலை. "இப்ப வண்டி ஏறி ஆளே வந்துடுச்சு."

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "இன்னிக்கு போண்டாவா பஜ்ஜியா?" என்றாள்.

"மழை வருது ஏழுமலை! மூட ஆரம்பி!"

ஏழுமலை பொறுமையாக இடுப்புத் துண்டில் கையைத் துடைத்தார். தூக்குச்சட்டிக்குள் துணி சுற்றி வைத்திருந்த போனை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். "பாருங்க. நீங்கதான சரி பண்ணீங்க? ஒண்ணும் சொல்லலியே. நாலு நாளா தங்கமாட்டம் கீது."

என் வேலைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். நான் சத்தத்தைக் கூட்டினேன். "சாதா மழை இல்ல, பெருசு! இடி! புயலாட்டம் வருது! பத்து நிமிஷம்கூட இல்ல! உடனே! உடனே!" என்று கையை வீசினேன். பேசப் பேச அவர்கள் முகம் மூடிக்கொண்டே போனது. ஏழுமலைகூட ஓர் அடி பின்னால் நகர்ந்தார். அப்போது எனக்கே என் குரல் கேட்டது. சிவப்பு எழுத்து, மூன்று ஆச்சரியக்குறி. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் தொப்பையைக் குறைக்கச் சொல்லியிருப்பேன்.

நிறுத்தினேன். மூச்சு வாங்கிக்கொண்டேன். பிறகு சாதாரணமாகச் சொன்னேன்.

"ஏழுமலை, நான் தப்புப் பண்ணிட்டேன். உங்க மழை குரூப்பையும் விளம்பரம்னு நெனச்சு நான்தான் வெட்டிட்டேன். அதான் உங்க போன் பேசல. அது நல்லா இல்ல, செவிடாயிடுச்சு. நான்தான் செவிடாக்கினேன்."

ஏழு பேர் முன்னால் தொழில்காரன் இப்படிச் சொன்னால் அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். தெரிந்தது. ஆனால் அதுவரை ஏளனமாகப் பார்த்துக்கொண்டிருந்த அஞ்சலை முதல்முறையாகப் பலகையைக் கீழே வைத்தாள். தன் தப்பைச் சொல்லிக்கொண்டு ஆரம்பிக்கும் விளம்பரத்தை அவள் பார்த்ததில்லை போலிருக்கிறது.

"யாரு பாத்தது மழைய?" என்று கேட்டாள்.

"லாரிக்காரர் ஒருத்தர்."

"எங்க நின்னு?"

"வானூர்ல, டீக்கடைல."

"அவன் நனைஞ்சிருக்கானா?"

போனை எடுத்துக் குரல் பதிவை ஓடவிட்டேன். தகரத்தில் மழை அறைந்தது. நடுவே அந்த ஆள், "வேலு பேசறேம்பா, வானூர் டீக்கடைல நிக்கறேன், மேல ஒரு பொட்டு காயல, லுங்கியெல்லாம் புழிஞ்சிக்கினு கீறேன், காத்து கெழக்கால போவுது, சீக்கிரம் மூடுங்கப்பா, ஏ தம்பி அந்த டீய உள்ள வையி..." என்று கத்தினார்.

"நம்ம லாரி வேலுதான்," என்றாள் அஞ்சலை. "டீய கேக்கறான் பாரு, அவனேதான்." பிறகு பாத்தியிலிருந்து ஏறி, கழிவெளிக்கே கேட்கும்படி ஒரு குரல் கொடுத்தாள். "ஓலை!"

எல்லாரும் ஓலைக்கும் தார்ப்பாய்க்கும் ஓடினார்கள். நானும் சேர்ந்து இழுத்தேன். உப்பளத்தில் செருப்பில்லாமல் ஓடினால் காலில் எங்கெங்கே வெடிப்பு இருக்கிறது என்று உப்பு ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லிவிடும். லாரிக் காலத்தில் பழகியதுதான். முதலில் ஓலை, அதற்கு மேல் தார்ப்பாய், விளிம்பில் மணல் மூட்டை, மூலைகளில் முளையடித்துக் கயிறு. மூன்று மூலைகளை அவர்கள் கட்டினார்கள். நான்காவதை நான் கட்டினேன். கட்டி முடிக்கும்போது காற்று முகத்தில் மண்ணை அறைந்தது. பின்னாலேயே மழை வந்தது.

அரை மணி நேரம் பெய்தது. நாங்கள் எட்டுப் பேரும் கீற்றுக் கொட்டகையில் நெருக்கி நின்று பார்த்தோம். பாத்திகளில் விளையவிருந்த உப்பெல்லாம் வெறும் தண்ணீராகிவிட்டது. அது பத்து நாள் வெயிலில் திரும்ப வந்துவிடும். குவியலைத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் படபடவென்று ஒரு சத்தம். ஒரு மூலைத் தார்ப்பாய் அவிழ்ந்து எழுந்து எங்களைப் பார்த்துக் கையை ஆட்டியது. ஏழுமலை மழையில் ஓடி, அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். மழை விடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"அந்த மூல யாரு கட்டுனது?" என்று அஞ்சலை கேட்டாள். தெரிந்துதான் கேட்டாள்.

மழை விட்டதும் போய்ப் பார்த்தோம். என் மூலையில் ஒரு மாட்டுவண்டி உப்பு கரைந்து, பால் மாதிரி வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் இருந்தது. ஏழுமலை தார்ப்பாய்க்கு அடியில் தோள்வரை கையை விட்டுத் துழாவினார். வெளியே எடுத்தார். விரல்களில் ஒட்டியிருந்தது காய்ந்த உப்பு. அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, துண்டில் துடைத்துக்கொண்டார். தூக்குச்சட்டியிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

"ண்ணா, இப்ப என்னைக் கேட்டுக் கேட்டுப் பண்ணுங்க."

கொட்டகையிலேயே உட்கார்ந்தோம். ஒவ்வொன்றாகக் காட்டினேன். இது யாரு, இது வேணுமா, இது உங்களுக்கு எதைச் சொல்லும்? பத்து நிமிடத்தில் வேட்டையாடியதைத் திரும்ப வைக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் எனக்கு ஒரு வித்தியாசம் பிடிபட்டது. எங்கே போனீர்கள் என்று கேட்பதுதான் மரியாதைக் குறைவு. அதைக் கேட்காதீர்கள், எப்போதும். யார் குரல் உங்களுக்கு வேண்டும் என்று கேட்பது வேறு. அதைக் கேட்காமல் ஒருவர் போனில் கையை வைக்காதீர்கள். நான் இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி, மரியாதை என்று பெயர் வைத்து, பல வருடம் சுமந்துகொண்டிருந்தேன். அடுத்தது, எது விளம்பரம் எது செய்தி என்று குழம்பினால் அஞ்சலை கேட்டதைக் கேளுங்கள். சொல்பவன் நனைந்திருக்கிறானா? எழுத்தின் நிறத்தையும் மேகத்தையும் பார்த்து நான் முடிவு செய்தேன். ஏமாற்றுகிறவன் நிஜத்தைப் பார்த்துத்தான் படம் போடுகிறான். அதனால் படத்தைப் பார்த்து வெட்டினால் நிஜமும் சேர்ந்துதான் போகும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, தடை செய்த எண்களின் பட்டியலில் ஓர் எண் மிச்சம் இருப்பதைப் பார்த்தேன். பெயர் இல்லாத எண். தினமும் இரண்டு முறை ஒரே ஒரு மணி அடித்துவிட்டு நிறுத்தும் எண். அந்த மாதிரி எண்களை நாமெல்லாம் யோசிக்காமல் தடை செய்வோம், திரும்ப அழைக்கவைத்துக் காசைப் பிடுங்கும் கூட்டம் என்று. நானும் யோசிக்காமல்தான் செய்திருந்தேன்.

"இது தெரியுமா?"

ஏழுமலை எண்ணைப் பார்த்தார். கண்களைச் சுருக்கினார். "இது நம்ம மோட்டார் கொட்டகை மாணிக்கம்ணா. வாய்க்கால்ல தண்ணி வுட்டா ஒரு மிஸ்டு கால் குடுப்பாரு, நிறுத்தினா ஒண்ணு குடுப்பாரு. நாலு நாளா குடுக்கறதே இல்ல. நானும் சரி போ, குத்தகை எடுத்துட்டோம்னு பொறாமைன்னுட்டு, அந்தப் பக்கம் தலையத் திருப்பாம போய்க்கினு வந்துக்கினு கீறேன். தண்ணி வந்துச்சா வரலியான்னு தெரியாம தெனம் கொட்டகை வரைக்கும் நடந்துபோய் எட்டிப் பாத்துட்டு, அவரு பாக்கறதுக்குள்ள திரும்பிடறேன்."

ஓர் ஆளுக்கும் இன்னோர் ஆளுக்கும் நடுவே நான் பாட்டுக்குச் சுவர் கட்டிவிட்டு, நான்கு நாள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். தடையை எடுத்துவிட்டு, "இப்பவே கூப்பிடுங்க" என்றேன்.

அவர் சத்தமாகப் பேசும் பொத்தானை அழுத்திவிட்டு அழைத்தார். ஒரே மணியில் எடுத்தார் மாணிக்கம்.

"இன்னா மேஸ்திரி, பெரிய ஆளாயிட்டியா? நாலு நாளா அடிச்சா பிஸி பிஸின்னே வருது. மிஸ்டு கால்கூட எடுக்க நேரமில்லாம எந்த ஊரு கலெக்டரோட பேசிக்கினு இருந்தே?"

ஏழுமலை போனை என்னிடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். விளம்பரம், மேகம், வேட்டை, அவருடைய எண் எல்லாவற்றையும்.

"போன் கடைக்காரரா பேசறது?" என்றார் மாணிக்கம்.

"ஆமாங்க."

"என் போன்லயும் வருதுங்க அந்த மேகம். வந்தா வந்துட்டுப் போவுது. நீங்க மட்டும் கிட்ட வந்துடாதீங்க."